பாடும்போது இருந்தார், வெளிவந்தபோது இல்லை

அமெரிக்கப் பாடகர் கர்ட் வைல் 2020 அக்டோபர் 2-ம் தேதி ஐந்தே பாட்டுகள் கொண்ட ஒரு சிறிய தொகுப்பை வெளியிட்டார். அவற்றில் மூன்று அவர் எழுதியவை அல்ல. அந்த மூன்றில் ஒன்றான ‘ஹவ் லக்கி’யில் இரண்டு குரல்கள் கேட்கும். ஒன்று வைலுடையது, மற்றது அந்தப் பாட்டை எழுதிய ஜான் ப்ரைனுடையது. தொகுப்பு வெளிவந்தபோது ப்ரைன் இறந்து ஏறக்குறைய ஆறு மாதம் ஆகியிருந்தது. கொரோனாவின் முதல் அலையில், ஏப்ரல் 7-ம் தேதி, நாஷ்வில் மருத்துவமனையில் காலமானார். வயது 73.

ஒருவர் மறைந்த மறுநாளே அவருடைய பாட்டுகளை மற்றவர்கள் பாடிப் பதிவு செய்யும் கவர் வெர்ஷன்கள் யூடியூபில் வரிசைகட்டுவது வாடிக்கையாகிவிட்டது. வைலின் பதிவையும் பலர் அந்த வரிசையில் வைத்தே கேட்டார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. இந்தப் பதிவு அஞ்சலியாகத் தொடங்கவே இல்லை. தொகுப்பு வேலை விட்டுவிட்டு நான்கு வருடம் நடந்தது. ‘ஹவ் லக்கி’ பதிவானபோது ப்ரைன் அதே ஸ்டுடியோவில் உயிரோடு இருந்தார், பாடினார், வீட்டுக்குப் போனார். பிறகு நடந்ததெல்லாம் கேட்கிறவர்களுடைய காதில் நடந்தது. இதில் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்பவர்களுக்காக இந்த இரண்டு பேரும் வந்த வழியிலிருந்தே தொடங்கலாம்.

ப்ரைன் 1946-ல் சிகாகோவை ஒட்டிய மேவுட்டில் பிறந்தவர். 14 வயதில் அண்ணன் டேவ் கிடார் சொல்லிக்கொடுத்தார். ராணுவத்தில் இருந்தபோது மேற்கு ஜெர்மனியில் வண்டி மெக்கானிக், ஊர் திரும்பிய பின் தபால்காரர். தெருத்தெருவாகக் கடிதம் போட்டுக்கொண்டே மனதுக்குள் பாட்டுக் கட்டினார். சிகாகோவில் சின்ன மதுக்கடை மேடையொன்றில் அவர் பாடியதை 1970-ல் ரோஜர் ஈபர்ட் கேட்டார். ஆமாம், சினிமா விமர்சகர் ஈபர்ட்தான். அந்த வாரம் அவர் எழுதியது சினிமாவைப் பற்றி அல்ல, பாட்டுப் பாடும் ஒரு தபால்காரரைப் பற்றி. அடுத்த ஆண்டே முதல் ஆல்பம் வந்தது. போரிலிருந்து போதைப் பழக்கத்தோடு திரும்பிய சிப்பாய், பிள்ளைகள் பறந்துபோன வீட்டில் பேச்சற்றுக் கிடக்கும் வயோதிகத் தம்பதி, வாழ்க்கை கையைவிட்டுப் போனதை அடுப்படியில் நின்று யோசிக்கும் நடுவயதுப் பெண் என எல்லோரும் அந்த ஒரே தட்டில் இருக்கிறார்கள். எழுதியவருக்கு வயது இருபதுகளின் நடுவில்தான்.

இத்தனை இருந்தும் ப்ரைன் நட்சத்திரம் ஆகவில்லை. அவருடைய பாட்டுகளைப் பெரும்பாலானவர்கள் மற்றவர்கள் குரலில்தான் முதலில் கேட்டார்கள். ‘ஏஞ்சல் ஃப்ரம் மாண்ட்கோமரி’ என்றால் அமெரிக்காவில் பலருக்கும் நினைவு வருவது 1974-ல் அதைப் பாடிய போனி ரைட்டின் குரல். ரோஜர் குக்குடன் சேர்ந்து ப்ரைன் எழுதிய பாட்டொன்று 1983-ல் டான் வில்லியம்ஸ் பாடி, அமெரிக்க நாட்டுப்புற மணம் கொண்ட கன்ட்ரி இசைக்கான பட்டியலில் முதலிடம் போனது. அதே இருவர் எழுதிய இன்னொரு பாட்டை ஜார்ஜ் ஸ்ட்ரெய்ட் பாடி 1998-ல் முதலிடம் கொண்டுபோனார். அந்த 1998-ல்தான் ப்ரைன் கழுத்துப் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். சொந்தக் குரல் மிஞ்சுமா என்று தெரியாமல் இருந்த வருடத்தில் அடுத்தவர் குரலில் அவர் பாட்டு நாடெங்கும் ஓடியது. கவர் என்றால் மரியாதை, அன்பு என்றெல்லாம் பேசுகிறோம். எழுதியவர் உயிரோடு இருக்கும்போது அது முதலில் வருமானம்.

இந்த வருமானத்தை ஒருமுறை அவரே வேண்டாம் என்று தள்ளியதும் உண்டு. நண்பர் ஸ்டீவ் குட்மேனுடன் சேர்ந்து கன்ட்ரி பாட்டுகளைக் கிண்டலடித்து ஒன்று எழுதினார். கன்ட்ரி உலகத்தில் யாராவது கோபித்துக்கொள்வார்களோ என்ற தயக்கத்தில் அதில் தன் பெயரே போட வேண்டாம் என்றார். 1975-ல் டேவிட் ஆலன் கோ பாட, பாட்டு ஹிட் ஆனது. ராயல்டி முழுவதும் குட்மேனுக்கு. குட்மேன் மனசு கேட்காமல் ஒரு பழைய ஜூக்பாக்ஸ் வாங்கி ப்ரைனுக்குக் கொடுத்தார். 1984-ல் குட்மேன் ரத்தப் புற்றுநோயில் இறந்தபின் அவருடைய பாட்டுகளை மேடைதோறும் பாடியது ப்ரைன். மறைந்தவரின் பாட்டைச் சுமப்பது எப்படியென்று அவருக்கு முன்பே தெரியும்.

பெரிய கம்பெனிகளோடு ஒத்துவராமல் 1980-களின் தொடக்கத்தில் ‘ஓ பாய் ரெக்கார்ட்ஸ்’ என்று சொந்த லேபிள், அதாவது இசை வெளியீட்டு நிறுவனம், ஆரம்பித்தார். தட்டு தயாராகும் முன்பே ரசிகர்கள் தபாலில் காசோலை அனுப்பினார்கள். கூட்ட நிதி என்ற பெயரெல்லாம் அப்போது புழக்கத்தில் இல்லை. இண்டி என்று இன்று நாம் சொல்கிற பிழைப்பு முறையை, அந்தப் பெயர் பரவும் முன்பே நடத்திக் காட்டியவர்களில் அவரும் ஒருவர். அந்த லேபிளில் வெளியிட்ட ‘த மிஸ்ஸிங் இயர்ஸ்’ 1991-ல் வந்து கிராமி வாங்கியது.

கர்ட் வைல் இவருக்கு ஒரு தலைமுறை பிந்தியவர். 1980 ஜனவரி 3 பிறப்பு. ஃபிலடெல்ஃபியா புறநகரில் பத்துப் பிள்ளைகள் உள்ள வீடு, அப்பாவுக்கு ரயிலில் கண்டக்டர் வேலை. 14 வயதுப் பையன் கிடார் கேட்க, ப்ளூகிராஸ் என்ற நாட்டுப்புற இசையின் பிரியரான அப்பா, அந்த இசைக்கான தந்தி வாத்தியமான பாஞ்சோவை வாங்கிக் கொடுத்தார். பையன் பாஞ்சோவையே கிடார்போல வாசித்துப் பழகினான். வைலின் கிடாரைக் கவனித்துக் கேட்டால் இது இன்னமும் தெரியும். தந்திகளை மொத்தமாக அடித்து ஓட்டுவது குறைவு. ஒவ்வொரு விரலும் ஒவ்வொரு தந்தியைச் சுண்ட, அது நிற்காமல் உருண்டுகொண்டே போகும். ஏழெட்டு நிமிடம் போனாலும் அலுக்காது.

பாஸ்டனில் சில காலம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். ஊர் திரும்பி ஒரு பீர் ஆலையில் வேலை பார்த்தார். இரவில் வீட்டிலேயே பதிவு செய்து சிடி-ஆரில் எழுதி நண்பர்களுக்குக் கொடுப்பார். ஆடம் கிரண்டூசியலுடன் சேர்ந்து ‘த வார் ஆன் டிரக்ஸ்’ இசைக்குழுவைத் தொடங்கி, முதல் ஆல்பத்தோடு விலகித் தன் வழி வந்தார். 2008-ல் முதல் தனி ஆல்பத்துக்கு ‘கான்ஸ்டன்ட் ஹிட்மேக்கர்’ என்று பெயர் வைத்தார். ஒரு ஹிட்கூட இல்லாதவர் வைத்த பெயர் இது, குசும்புதான். 2009-ல் மெட்டடார் லேபிள் சேர்த்துக்கொண்டது. 2011, 2013 ஆல்பங்கள் விமர்சகர்களிடம் பெயர் வாங்கின. 2013 ஆகஸ்ட் 28-ஐ ஃபிலடெல்ஃபியா நகரம் ‘கர்ட் வைல் நாள்’ என்று அறிவித்தது. 2015-ல் வந்த ‘ப்ரெட்டி பிம்பின்’ அமெரிக்க வானொலியின் ஒரு பட்டியலில் முதலிடம் பிடித்தது. ஏணியில் ஏறியதாகச் சொல்ல முடியாத வளர்ச்சி இது. இரண்டு வருடத்துக்கு ஓர் ஆல்பம், வருடம் முழுக்க வேனில் பயணம், இடையில் குடும்பம், இப்படித்தான் ஊர்ந்து வளர்ந்தார்.

இந்தப் பாதை நெடுக அவர் மற்றவர் பாட்டுகளைப் பாடிக்கொண்டேதான் வந்திருக்கிறார். 2018 ஆல்பத்தில் சார்லி ரிச் 1977-ல் ஹிட் ஆக்கிய பாட்டொன்று இருக்கிறது. ரிச் 1995-லேயே காலமானவர். வயசாகியும் கும்மாளத்தை விடாத ஒருவனின் கதை அது. வைல் பாடும்போது அது இன்றைக்கு டூரில் இருக்கும் ஓர் இசைக்காரனின் புலம்பலாகக் கேட்கிறது. அதை அஞ்சலி என்று யாரும் சொல்லவில்லை. பாட்டு பிடித்திருந்தது, தன் சட்டைபோல மாட்டிக்கொண்டார், அவ்வளவுதான்.

ப்ரைன் தொகுப்புக்கும் மூலம் இதே மனநிலைதான். அதன் பெயரிலேயே அது தெரியும். ப்ரைன் 1986-ல் வெளியிட்ட ‘ஸ்பீட் ஆஃப் த சவுண்ட் ஆஃப் லோன்லினஸ்’ பாட்டின் தலைப்பை உடைத்து, கடைசியில் தன் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘ஸ்பீட், சவுண்ட், லோன்லி கேவி’ என்று வைத்தார். துக்க வீட்டில் நிற்பவர் இப்படிச் செய்ய மாட்டார்.

பதிவு நடந்த இடம் நாஷ்வில் ‘புட்சர் ஷாப்’ ஸ்டுடியோ. அதை டேவிட் ஃபெர்குசனும் ப்ரைனும் சேர்ந்து நடத்தினார்கள். ஃபெர்குசன், கவ்பாய் ஜாக் கிளெமென்ட்டிடம் வேலை கற்றவர். ஜானி கேஷின் கடைசிக்கால ‘அமெரிக்கன்’ ஆல்பங்களில் ஒலிப்பொறியாளராக இருந்தவர். கிளெமென்ட்டோ 1950-களில் மெம்ஃபிஸ் சன் ரெக்கார்ட்ஸில் ஜெர்ரி லீ லூயிஸைப் பதிவு செய்தவர். 1970-களில் ப்ரைனும் அவரும் ஒரு ஆல்பத்துக்காக மாதக்கணக்கில் உட்கார்ந்தார்கள், வேலை முடியாமலே கைவிடப்பட்டது. கிளெமென்ட் 2013-ல் மறைந்தார். வைலின் ஐந்து பாட்டில் ஒன்றான ‘கான் கேர்ள்’ அவர் எழுதியது. சுற்றி வாசித்தவர்களும் இதே ஊர்க்காரர்கள். எல்விஸ் 1969-ல் மெம்ஃபிஸில் பதிவு செய்தபோது கீபோர்டில் இருந்த பாபி வுட். டாலி பார்ட்டனின் ‘ஜோலீன்’ பாட்டுக்கு டிரம்ஸ் வாசித்த கென்னி மலோன். இவர்களுக்கு அடுத்த தலைமுறை கிடார்காரர்களாக டான் ஆவர்பாக், மேட் ஸ்வீனி. வைல் தன் வழக்கமான குழுவோடு போய் ஒரு ப்ரைன் பாட்டைப் பாடிவிட்டு வந்திருக்கலாம். அவரோ அந்தப் பாட்டுகள் எந்த வீட்டில் வளர்ந்தனவோ அந்த வீட்டுக்கே போய்த் திண்ணையில் இடம் கேட்டிருக்கிறார்.

2019-ன் கடைசி இரவு ப்ரைன் கன்ட்ரி இசைக்குப் பேர்போன நாஷ்வில் கிராண்ட் ஓல் ஆப்ரி மேடையில் புத்தாண்டுக் கச்சேரி நடத்தினார். அங்கே இருவரும் ‘ஹவ் லக்கி’யைச் சேர்ந்து பாடினார்கள். அதற்கு ஓரிரு நாள் முன்புதான் ப்ரைன் பதிவுக்காக ஸ்டுடியோவுக்கு வந்திருந்தார். தன் இசை வாழ்க்கையிலேயே அதைவிட விசேஷமான தருணம் இல்லை என்ற பொருளில் வைல் பிற்பாடு எழுதினார். பரவசத்தில் ப்ரைன் பேசியது எதுவுமே காதில் ஏறவில்லை, அவர் கிளம்பிப் போன பிறகுதான் ஒவ்வொன்றாக விளங்கியது என்றும் சொல்லியிருக்கிறார்.

பாட்டுக்கு வருவோம். ‘ஹவ் லக்கி’ 1979-ல் வந்த ‘பிங்க் கெடிலாக்’ ஆல்பத்தில் இருக்கிறது. அந்த ஆல்பம் மெம்ஃபிஸில் பதிவான, கன்ட்ரியும் ராக்கும் கலந்த பழைய ராக்கபில்லி மணக்கும், கொஞ்சம் முரட்டுத்தனமான சமாசாரம். இரைச்சலுக்கு நடுவே இந்த ஒன்று மட்டும் அடக்கமாக, விரலால் வருடும் கிடாரோடு வரும். முன்பு திரிந்த தெருவில் ஒருவன் மறுபடி நடக்கிறான். பார்க்கிற எதுவும் முழுதாக நினைவில் இல்லை. தலையை ஆட்டிக்கொள்கிறான். ஒரு மனிதனுக்கு எத்தனை அதிர்ஷ்டம்தான் வாய்க்கும் என்று கேட்டுக்கொள்கிறான். கதை இவ்வளவே. மெச்சிக்கொள்கிறானா, நொந்துகொள்கிறானா என்பதைப் பாட்டு சொல்லாது. ப்ரைனுக்கு அப்போது 32 வயது. அந்தக் குரலில் இது கொஞ்சம் அலுப்பாக, கொஞ்சம் கேலியாகக் கேட்கும்.

2020-ல் வெளிவந்த பதிவில் அதே கேள்வியை 73 வயதுக் குரல் கேட்கிறது. கழுத்தில் ஒரு பகுதியை இழந்து, 2013-ல் நுரையீரல் புற்றுநோயையும் தாண்டி வந்த குரல். பழைய மூக்குக்குரல் போய்ச் சரளைக்கல் தட்டுப்படும் அடிக்குரலாகிவிட்டது. ஒரு வார்த்தைகூட மாற்றாமல் கேலி கரைந்துபோய், உண்மையிலேயே அதிர்ஷ்டத்தை எண்ணிப் பார்க்கிறவர் பாடுவதுபோல ஆகிறது. பக்கத்தில் வைல். இன்னும் சில நாளில் அவருக்கு 40 வயது. பாட்டு அவரைவிடச் சில மாதம் மூத்தது. அவருக்கே உரிய சோம்பல் கலந்த, வார்த்தைகளை லேசாக இழுத்துவிடும் பாணியில்தான் பாடுகிறார். பெரியவர் பக்கத்தில் இருக்கிறாரே என்று குரலை நிமிர்த்திக்கொள்ளவில்லை. அதுதான் பதிவைக் காப்பாற்றுகிறது என்பேன்.

வைலின் ‘ப்ரெட்டி பிம்பின்’ என்ன கதை? ஒருவன் காலையில் எழுந்து பல் தேய்க்கிறான். கண்ணாடியில் தெரிபவன் யாரென்று அவனுக்குப் பிடிபடவில்லை. ஆனால் அந்த ஆள் தன் உடுப்பைத்தான் போட்டிருக்கிறான், பார்க்கவும் ஜோராகத்தான் இருக்கிறான். பழைய தெருவில் தன்னைத் தேடும் ப்ரைனின் மனிதனும், கண்ணாடி முன் நிற்கும் இந்த ஆளும் ஒரே ரத்தம். அச்சமூட்டும் விஷயத்தை வாய்க்குள் சிரித்தபடி சொல்லிவிட்டு நகர்ந்துவிடும் வழியை வைல் எங்கே கற்றார் என்பதற்கு 2015-லேயே சாட்சி இருக்கிறது. ப்ரைனைப் பாட அவர் புதிதாக எதையும் பழக வேண்டியிருக்கவில்லை.

சட்டப் பக்கத்தையும் பார்த்துவிடலாம். அமெரிக்காவில் ஒரு பாட்டு ஒருமுறை ஒலிப்பதிவாக வெளிவந்துவிட்டால் வேறு யாரும் அதைப் பாடிப் பதிவு செய்யலாம். எழுதியவரின் சம்மதம் வேண்டியதில்லை, நிர்ணயித்த தொகையைக் கட்டினால் போதும். தானே இசைக்கும் பியானோவுக்கான காகிதச் சுருள்களை ஒரே கம்பெனி வளைத்துப்போட்டுவிடுமோ என்ற பயத்தில் 1909 சட்டத்தில் சேர்த்த ஏற்பாடு இது. அப்போது பிரதிக்கு 2 சென்ட். 2020-ல், ஐந்து நிமிடத்துக்கு மேற்படாத பாட்டுக்கு 9.1 சென்ட். பாடுகிறவர் தன் பாணிக்கு ஏற்ப இசையமைப்பை மாற்றலாம், ஆனால் பாட்டின் அடிப்படை மெட்டையோ குணத்தையோ மாற்றக் கூடாது. எழுதியவர் இறந்தாலும் இது நிற்காது. 1978-க்குப் பின் எழுதிய பாட்டுகளுக்கு ஆசிரியர் இறந்து 70 ஆண்டுவரை உரிமை உண்டு. அந்தக் கணக்கில் ‘ஹவ் லக்கி’யை யார் பாடினாலும் 2090 முடியும்வரை உரிமைதாரருக்குப் பணம் போக வேண்டும்.

இந்தியச் சட்டத்திலும் 2012 திருத்தத்துக்குப் பிறகு 31சி என்ற பிரிவு கவர் பதிவுகளுக்கென்றே இருக்கிறது. ஆனால் மூலப் பதிவு வந்து ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும். பொதுவாக 50,000 பிரதிக்கான ராயல்டியை முன்கூட்டியே கட்ட வேண்டும். கிடாரும் மைக்கும் மட்டும் வைத்திருக்கும் பாடகருக்கு இது எட்டாத உயரம். அமெரிக்காவில் ஒரு பீர் ஆலைத் தொழிலாளி தன் ஆதர்சத்தின் பாட்டைப் பதிவு செய்ய நினைத்தால் சட்டம் குறுக்கே நிற்காது என்பது அங்கே கவர் ஒரு பழக்கமாகவே வளர்ந்ததற்கு ஒரு காரணம்.

ப்ரைன் போனபின் வந்தவற்றைப் பற்றி ஒரு வார்த்தை. 2020 ஜூனில் இணைய வழி நினைவு நிகழ்ச்சி நடந்தது. அவர் கடைசியாகப் பதிவு செய்த ‘ஐ ரிமெம்பர் எவ்ரிதிங்’ அடுத்த ஆண்டு இரண்டு கிராமி வாங்கியது. 2021 அக்டோபரில் ஓ பாய் லேபிளே ஒரு கவர் தொகுப்பை வெளியிட்டது. பிராண்டி கார்லைல், ஸ்டர்ஜில் சிம்சன், ஜேசன் இஸ்பெல் எல்லோரும் பாடினார்கள். நல்ல பாடகர்கள், நேர்மையான தொகுப்பு. ஆனாலும் பொதுவாக அஞ்சலிப் பதிவுகளில் ஒரு நோய் உண்டு. வேகம் குறையும், எதிரொலி கூடும், எல்லாப் பாட்டும் பிரார்த்தனை ஆகிவிடும். ப்ரைனுக்கு இது பொருந்தவே பொருந்தாது. இறந்தபின் சொர்க்கத்தில் என்னென்ன கூத்தடிப்பேன் என்று 2018-ல், அதுவும் தன் கடைசி ஆல்பத்தில், பட்டியல் போட்டுப் பாடிய மனிதர் அவர். அந்த ஆல்பம் அமெரிக்க ஆல்பங்களுக்கான பில்போர்டு பட்டியலில் ஐந்தாம் இடம் பிடித்தது, அவர் வாழ்நாளில் எட்டிய உச்சம் அதுதான். அவரைக் கண்ணீரோடு பாடுகிறவர்கள் பாதி ப்ரைனைத்தான் பாடுகிறார்கள். வைலுக்கு அழ அவகாசமே இல்லை, பாடி முடித்தபோது ப்ரைன் உயிரோடு இருந்தார். அந்த அதிர்ஷ்டம் இல்லாத மற்றவர்களைக் குறை சொல்வதும் நியாயமில்லைதான்.

வைல் இதற்குப் பிறகு வெர்வ் லேபிளுக்கு மாறினார். 2022 ஆல்பத்தின் பெரும்பகுதி அவருடைய வீட்டு ஸ்டுடியோவில் உருவானது. 2023 மே மாதம் அவருடைய குழுவில் பல ஆண்டு உடன் வாசித்த ராப் லாக்சோ புற்றுநோயில் இறந்தார். அந்த நவம்பரில் வந்த ‘பேக் டு மூன் பீச்’ தொகுப்பில் லாக்சோவின் வாசிப்பும் இருக்கிறது. 2017-ல் மறைந்த ராக் பாடகர் டாம் பெட்டியைப் பற்றி அதில் ஒரு பாட்டு உண்டு. கவர் அல்ல, வைலே எழுதியது. தலைப்பின் சாரம்: டாம் பெட்டி போய்விட்டார், ஆனாலும் நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.